மூன்று கிராம் ஈரம்

கீழடி மண்ணுக்குள் கிடந்த ஒரு பொருளுக்கு மிக ஆபத்தான நாள் எது என்று தொல்பொருள் பாதுகாப்பு வேதியியல் படித்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். தோண்டி எடுத்த நாள் என்பார்கள். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் சித்திரையும் மார்கழியும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது. ஆக்சிஜன் குறைவு. ஈரம் இருந்தாலும் திடீரென்று மாறாது. புதைந்த தொடக்கத்தில் அரிக்க வேண்டியதை அரித்து, கரைக்க வேண்டியதைக் கரைத்த பிறகு, மண்ணும் பொருளும் ஒருவிதச் சமாதானத்துக்கு வந்துவிடும். அகழாய்வுக் குழியில் தூரிகை பட்ட அன்றைக்கே அது கலைகிறது. வெயில், காற்று, பகலின் வறட்சி, இரவின் ஈரம் எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தின் திருப்புவனம் வட்டத்தில் இருக்கிறது கீழடி. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. கிடைத்த மாதிரி ஒன்றின் காலத்தைக் கார்பன் பகுப்பாய்வு கி.மு. 580 என்று காட்டியதும் தமிழ்நாடே கீழடியைப் பற்றிப் பேசியது. 2023 மார்ச் 5ஆம் தேதி, செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டிய கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகள், இரும்புக் கருவிகள், செம்புப் பொருள்கள், தந்தப் பகடைக்காய்கள், சூதுபவள மணிகள், தங்க நகைத் துண்டுகள் என்று மண் கொடுத்தது ஏராளம். மண்ணை விட்டு வந்தவற்றுக்கு இனிக் கண்ணாடிப் பெட்டிதான் வீடு.

கை படாமல் இருக்கவும் களவு போகாமல் இருக்கவும்தான் அந்தக் கண்ணாடி என்று பார்க்க வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பெட்டியின் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் காற்றை, வெளியே இருக்கும் மதுரைக் காற்றாக மாறவிடாமல் வைத்திருப்பதுதான் அந்த வேலை.

மதுரைக் காற்று லேசுப்பட்டதல்ல. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மத்தியானக் காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள் முழுக்கத் துணி காயாது. ஒரே ஆண்டுக்குள் ஒரு பொருள் பாலைவனத்தையும் கடற்கரையையும் பார்த்துவிடுகிறது.

இதை எண்களில் பார்த்தால்தான் விஷயத்தின் கூர்மை புரியும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 12 கிராம் இருந்தால் சார்பு ஈரப்பதம் 40 சதவீதம். 15 கிராம் இருந்தால் 50 சதவீதம். ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள ஒரு காட்சிப் பெட்டியை எடுத்துக்கொண்டால், 40க்கும் 50க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் வெறும் 3 கிராம் நீர். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. ஒரு வெண்கலம் பிழைக்குமா, பொடியாகுமா என்பதை அந்த 3 கிராம் முடிவுசெய்துவிடும்.

எப்படி என்பதற்குச் சமையலறையில் இருக்கும் உப்புச் சாடியே சாட்சி. சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு கசிவது இதனால்தான். கல் உப்பு அதற்கு முன்பே பிசுபிசுக்கும். கடல்நீரிலிருந்து வந்த மெக்னீசியம் குளோரைடு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதற்கு 33 சதவீத ஈரமே போதும். ஒவ்வொரு உப்புக்கும் இப்படி ஓர் எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே அது படிகம், மேலே அது உப்புநீர்.

மண்ணில் கிடந்த பானை ஓட்டின் நுண்துளைகளுக்குள் இந்த உப்புகள் நிறைந்திருக்கும். ஈரப்பதம் கோட்டைத் தாண்டும்போது உப்பு கரைந்து ஓட்டின் மேற்பரப்பை நோக்கி நகரும். ஈரம் இறங்கும்போது அங்கேயே படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் ஓட்டைத் தள்ளி இடத்தை உண்டாக்கிக்கொள்ளும். பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. சுவர் என்றால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பானை ஓட்டில் ஒரு மில்லிமீட்டர் மேல்தோல் பொரிந்தாலும் அதில் ஒருவர் கீறி வைத்த பெயர் போய்விடும்.

உலோகத்தில் இதே கதை இன்னும் பொல்லாதது. மண்ணிலிருந்து வந்த இரும்பைச் சுத்தம் செய்து வைத்த பிறகும், ஈரமான காற்றில் சில வாரங்களில் அதன்மேல் மஞ்சளும் பழுப்புமாகச் சின்னச் சின்னத் துளிகள் அரும்பும். இரும்பு அழுகிறது என்று பாதுகாப்பு வல்லுநர்கள் இதைச் சொல்வார்கள். துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குளோரைடு உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து அமிலத் துளியாக வெளியே வருகின்றன. துளி காய்ந்தால் முட்டை ஓடு மாதிரி மெல்லிய, உள்ளீடற்ற கொப்புளம் மிஞ்சும். அதற்கடியில் புதிய விரிசல். காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து குளோரைடைப் பெருமளவு வெளியேற்றலாம், முழுவதையும் எடுக்க முடியாது. மிச்சமிருப்பதைத் தூங்கவைக்க ஒரே வழி வறண்ட காற்று. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அரிப்பு மிக மெதுவாகிவிடும். 12க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றேவிடும்.

வெண்கலத்துக்கு எல்லைக்கோடு வேறு. செம்பும் செம்புக் கலவையும் குளோரைடு உள்ள மண்ணில் கிடந்தால், பச்சைக் களிம்புக்கு அடியில் குப்ரஸ் குளோரைடு என்ற சாம்பல் நிற மெழுகுபோன்ற படலம் உண்டாகும். வெளியே எடுத்துப் பார்த்தால் சிலை நன்றாகவே தெரியும். ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டும்போது அந்தப் படலம் விழித்துக்கொள்ளும். நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை வெளிர்பச்சைத் தூளாக மாற்றும். தூளுக்கு அதிக இடம் தேவை. ஆகவே மேல்களிம்பு வெடிக்கும். வேலை முடிந்த குளோரைடு அடுத்த அடுக்குச் செம்பை அரிக்கப் போகும். சிலையின் மீது விரல்நுனி அளவில் மாவு தெளித்ததுபோல் வெளிர்பச்சை தெரிந்தால் உள்ளே இந்த நோய் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் மண்ணுக்கடியிலிருந்து மீண்டவை ஏராளம் என்பதால், தமிழ்நாடு இந்த நோயோடு வெகு சீக்கிரமே மோதவேண்டியிருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களுக்கு வைத்தியம் பார்த்தார். சிலையைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து எதிர்மின் முனையில் இணைத்தால், குளோரைடு அயனிகள் சிலையை விட்டுவிட்டு நேர்மின் முனையை நோக்கிப் போகும். சென்னைக் கடற்காற்றுக்கு நடுவே அந்தச் சேகரிப்பு இன்றைக்கும் நிற்பதில் அந்த ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெண்கலக் கூடத்துக்குப் போகிறவர்கள் திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வேதியியலாளரை யாரும் நினைப்பதில்லை.

இனி, கீழடியின் தந்தப் பகடைக்காயைப் பார்ப்போம். இரும்புக்கு ஆனந்தமான 15 சதவீத வறட்சி தந்தத்துக்கு ஆகாது. தந்தம் ஒருகாலத்தில் உயிருள்ள பல். அதில் புரத இழைகள் உண்டு. ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். ஒவ்வொரு திசையிலும் ஒவ்வோர் அளவில். வறட்சி மிஞ்சினால் விரிசல் விடும். ஆகவே அதற்கு 50 சதவீதத்தை ஒட்டி, ஏறாமல் இறங்காமல் இருக்கும் காற்று வேண்டும். தங்கத்துக்கும் சூதுபவளத்துக்கும் இந்தக் கவலை எதுவும் இல்லை.

அருங்காட்சியகத்தில் காட்சி அமைப்பவருக்கும் வேதியியலாளருக்கும் இங்கேதான் சண்டை வரும். காட்சி அமைப்பவருக்குக் கதை வேண்டும். விளையாட்டு, வேளாண்மை, வணிகம் என்று பிரித்து, ஒரு வீட்டில் புழங்கிய இரும்புக் கத்தியையும் தந்தப் பகடையையும் பானையையும் ஒரே பெட்டியில் வைத்தால் பார்ப்பவருக்கு வாழ்க்கை தெரியும். வேதியியலாளருக்கோ அந்த மூன்றும் ஒரே காற்றை மூச்சுவிட முடியாத மூன்று நோயாளிகள். நான் வேதியியலாளர் பக்கம். கதையைப் பக்கத்துப் பெட்டியில் தொடரலாம். துருப்பிடித்துப் போனதை மறுபடி செய்ய முடியாது.

கூடம் முழுவதும் ஏ.சி. போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் கொண்ட மதுரைக் காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 16 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றை ஈரம் எடுக்காமல் 24 டிகிரிக்குக் குளிர்வித்தால், இப்போது அது தாங்கக்கூடியது 22 கிராம்தான். அதே 16 கிராம் இப்போது 73 சதவீதம் ஆகிவிட்டது. ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல், குளிரவைத்ததாலேயே வறண்ட காற்று ஈரக் காற்றாகிவிட்டது. ஏ.சி. ஓடும்போது அதன் குளிர்ந்த குழாயில் நீராவி படிந்து சொட்டி வெளியேறும் என்பது உண்மை; அதனால் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனால் மாலை ஐந்தரைக்கு ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனால்? சுவரிடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும், குளிர்ந்திருக்கும் கண்ணாடியையும் உலோகத்தையும் தொடும், அங்கேயே ஈரத்தை இறக்கும். காலையில் மறுபடி ஏ.சி. ஓடும். இடையிடையே மின்தடை. பொருளுக்குத் தினமும் ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும். பார்வையாளருக்காக ஏ.சி. போடுவது நல்ல உபசாரம். அதைப் பொருள்களின் பாதுகாப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது. இருபத்துநாலு மணி நேரமும் ஓட முடியாத ஏ.சி.யைவிட, ஏ.சி.யே இல்லாத தடித்த சுவர்க் கட்டடம் பொருள்களுக்கு எவ்வளவோ மேல்.

அப்படிப்பட்ட கட்டடம் மதுரையிலேயே இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனை. பருத்த சுண்ணாம்புச் சுவர்கள் பகலின் சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. 1959 ஏப்ரல் 15ஆம் தேதி நேரு அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, குருதிக் கறை படிந்த ஆடை அங்கேதான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் இடுப்புத் துணியோடு நிற்கும் முடிவை எடுத்தார். ஆக, மற்ற உடையைக் களைந்த ஊரிலேயே கடைசி உடையும் வந்து சேர்ந்திருக்கிறது.

பாதுகாப்பு அறிவியலின் கண்ணில் அந்தத் துணி மிகக் கடினமான பொருள். பருத்தி முழுக்க செல்லுலோஸ். ஈரமும் அமிலமும் அதன் நீண்ட சங்கிலிகளை நாளடைவில் வெட்டிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பழந்துணி என்றால் முறைப்படி அலசி அமிலத்தை எடுத்துவிடலாம். இங்கே அது நடக்காது. கறையே சான்று; கறையை அலசினால் வரலாறு போய்விடும். குருதியோ புரதம். ஈரப்பதம் 65, 70 என்று ஏறினால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது விருந்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெளிச்சம். துணி, காகிதம், ஓலை ஆகியவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. 50 லக்ஸ் என்பது மங்கலான கோயில் பிரகாரம் மாதிரியான வெளிச்சம். மதுரையின் உச்சிவெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். இப்போது கணக்கு: 50 லக்ஸில் நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் காட்சிக்கு வைத்தால் துணி வாங்கும் வெளிச்சம் மொத்தம் 1,20,000 லக்ஸ் மணி. அதே துணியை வெயிலில் ஒரு மணி நேரமும் பன்னிரண்டு நிமிடமும் காயப்போட்டால் ஓர் ஆண்டு வெளிச்சம் முழுவதையும் வாங்கிவிடும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் சேதம் இந்தக் கணக்கில் வரவில்லை. வெளிச்சத்தின் சேதம் சேமிப்புக் கணக்குப் போலக் கூடிக்கொண்டே போகும். இருட்டில் வைத்தால் நிற்கும், திரும்பாது. அருங்காட்சியகத்தில் விளக்கை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று போடக் கூடாதா என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

பெட்டிக்கு உள்ளேயே விளக்கு வைப்பது இன்னொரு தொல்லை. விளக்கு எரியும்போது உள்காற்று சூடாகி விரியும், அணைந்ததும் சுருங்கும். 10 டிகிரி ஏறினால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 33 லிட்டர் இடுக்குகள் வழியாக வெளியே போகும். இரவில் குளிரும்போது அதே அளவு வெளிக்காற்று தூசியோடும் ஈரத்தோடும் உள்ளே வரும். பெட்டி மூச்சுவிடுகிறது. எல்.இ.டி. விளக்கு சூடு குறைவுதான். ஆனால் அதன் டிரான்ஸ்பார்மர் சூடு பெட்டிக்குள்ளேயே இருந்தால் பிரயோசனம் இல்லை.

சரி, அப்படியானால் நல்ல பெட்டி எது? நம் ஊர்ச் சின்ன அருங்காட்சியகங்களில் வழக்கமாக இருப்பது அலுமினியச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு கண்ணாடிக் கதவுகள். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. பலகாரக் கடைக்கு அது போதும். அந்த இடைவெளி வழியாக ஒரு நாளைக்குப் பலமுறை உள்காற்று முழுவதும் மாறிவிடும். நேர்த்தியாகச் செய்த பெட்டியில் ஒரு முறை மாறவே பத்து நாள் ஆகும். நெல் கொட்டிய குதிரின் வாயைச் சாணமும் மண்ணும் வைத்துப் பூசுவது எதற்கோ, அதற்குத்தான் பெட்டியின் விளிம்பில் ஓடும் கேஸ்கட்டும்.

அடைத்துவிட்டால் மட்டும் போதாது. ஈரத்தை ஒரே நிலையில் பிடித்துவைக்க உள்ளே ஒரு சேமிப்பு வேண்டும். அதற்குத்தான் சிலிக்கா ஜெல். புது ஷூ வாங்கும்போது பெட்டிக்குள் குட்டிப் பொட்டலமாக இருக்குமே, அதேதான். பார்க்கக் கல்கண்டுத் தூள் மாதிரி இருக்கும் அந்த மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரே ஒரு கிராமின் உள்பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். நம் மனைக்கணக்கில் 17 சென்ட். காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்ளும், காற்று வறண்டால் ஒட்டியது மறுபடி வெளியே வரும். முன்கூட்டியே 50 சதவீதக் காற்றில் பழக்கி வைத்த ஜெல்லைப் பெட்டிக்கு அடியிலுள்ள தட்டில் பரப்பிவிட்டால், அது 50ஐயே பிடித்துக்கொண்டு நிற்கும். நன்றாகக் காயவைத்த ஜெல்லை வைத்தால் இரும்புக்கு வேண்டிய வறட்சி கிடைக்கும்.

லண்டன் நேஷனல் கேலரியின் கேரி தாம்சன் 1970களில் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். ஒரு கன மீட்டர் பெட்டிக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்பது அவர் சொன்ன அளவு. நம் ஊர் வெப்பத்துக்கு அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தேன். பெட்டிக்குள் 50 சதவீதம், வெளியே மழைக்கால 80 சதவீதம், ஒரு நாளைக்கு ஒருமுறை உள்காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் பெட்டி என்றால் ஒரே நாளில் வெளிக்காற்றுக்குப் பாதி வழி போய்விடும். 20 கிலோ ஜெல் இருந்தால் பாதி வழி போகவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முடிந்து தை பிறந்துவிடும். வெளியே காற்றும் தானாகவே வறளத் தொடங்கிவிடும். காற்று மாறும் வேகத்தை இன்னும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். மின்சாரமே தேவையில்லை. மின்தடை வந்தால் பெட்டிக்குத் தெரியவும் தெரியாது.

பழந்தமிழர் இதே தத்துவத்தை ஓலைச்சுவடியில் கையாண்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஓலைகளை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டித் துணியில் பொதிந்து வைத்தால், காற்று படுவது விளிம்பில் மட்டும்தான். ஓலையே ஈரத்தை வாங்கியும் கொடுத்தும் தன் நடுவிலிருப்பவற்றைக் காக்கும். ஓலை ஓலையாகப் பிரித்துக் காட்சிக்கு விரித்து வைக்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது.

இறுக்கமாக அடைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. வெளிக்காற்றின் தீமை உள்ளே வராததுபோல், உள்ளே பிறக்கும் தீமையும் வெளியே போகாது. புதிதாக ஒட்டிய கண்ணாடிப் பெட்டியின் அருகில் முகர்ந்துபாருங்கள். சாதாரண சிலிக்கான் பசை காயும்போது வினிகர் வாடை வரும். அது அசெட்டிக் அமிலமேதான். ஈயப் பொருள்களை அது வெண்பொடியாக்கிவிடும். ப்ளைவுட் பசையிலிருந்தும் மரத்திலிருந்தும் அமில ஆவிகள் வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். சாதாரண ரப்பரில் கந்தகம் உண்டு. வெள்ளியைக் கறுக்கவைக்க அது போதும். கீழடியில் கிடைத்ததுபோன்ற வெள்ளி முத்திரைக் காசைச் சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்து அடைத்த பெட்டியில் வைப்பதைவிடத் திறந்தே வைக்கலாம். பெட்டிக்குள் விரிக்கும் அழகான கம்பளித் துணியும் இதே குற்றவாளிதான்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் இதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்தார். பெட்டிக்குப் பயன்படுத்தப் போகும் துணி, பலகை, பசை எதுவானாலும் அதன் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடும் சில துளி நீரோடும் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைக்க வேண்டும். தகடு மங்கினால் அந்தப் பொருள் தள்ளுபடி. பெரிய கருவி எதுவும் வேண்டாம். எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் செய்யலாம். மதுரையில் அதற்கா பஞ்சம்?

இன்னும் ஒரு படி மேலே போனால் பெட்டியிலிருந்து ஆக்சிஜனையே வெளியேற்றிவிடலாம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதி நாடாளுமன்ற நூலகத்தில் அப்படித்தான், மந்த வாயு நிரப்பிய பெட்டியில் இருக்கிறது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து 1990களில் அதை உருவாக்கின. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1952 முதல் ஹீலியத்தில் இருந்தது. ஹீலியம் அணு மிகச் சிறியது, கசிந்துவிடும் என்பதால் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஆர்கானுக்கு மாற்றினார்கள். பிரிஸ்டல் நகரில் 1843இல் நீரில் இறங்கிய கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலுக்கோ பெட்டி செய்ய முடியாது. ஆகவே கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தில் கண்ணாடித் தளம் அமைத்து, அதற்குக் கீழே உள்ள காற்றை எந்திரங்களால் 20 சதவீத அளவுக்கு உலர்த்தி வைத்திருக்கிறார்கள். கீழடி இரும்புக் கத்தியைத் தூங்கவைக்கும் அதே வறட்சிதான் அங்கே ஒரு கப்பலையே தூங்கவைக்கிறது.

இவை பெரிய காசு புழங்கும் காரியங்கள். சின்ன அருங்காட்சியகங்களும் பள்ளிகளில் தொல்பொருள் மூலை வைத்திருக்கும் ஆசிரியர்களும் தொடங்க வேண்டிய இடம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி. அதை அப்படியே நம்பவும் கூடாது. ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, சேறு பதத்துக்கு நனைத்து, ஈரப்பதமானியோடு ஒரு டப்பாவில் இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்தக் கருவி ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். கருவியே இல்லாவிட்டாலும் பெட்டியைப் படிக்கலாம். கண்ணாடித் தட்டில் தூசி படிந்திருந்தால் காற்றும் போய்வருகிறது. மூலையில் எறும்போ செத்த பூச்சியோ கிடந்தால் இடுக்கு பெரியது. வெண்கலத்தின் காலடியில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்திருந்தால் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். அது தூசி அல்ல.

தமிழ்நாட்டில் அகழாய்வு நடக்கும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன, அருங்காட்சியகங்களும் கூடப்போகின்றன. கட்டடத்தின் சதுர அடி, விளக்குகளின் எண்ணிக்கை, தொடுதிரையின் அளவு எல்லாம் ஒப்பந்தப்புள்ளியில் இருக்கும். காட்சிப் பெட்டி என்று வரும் இடத்தில் கண்ணாடியின் தடிமனோடு இன்னோர் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும்: பெட்டிக்குள் காற்று ஒரு நாளைக்கு எத்தனை முறை மாறலாம் என்பது. பெட்டிக்குள் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை விட்டு, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்தால் ஒப்பந்தக்காரர் செய்து கொடுத்த பெட்டி தேறுமா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். தேறாத பெட்டிக்குப் பில் பாஸ் செய்யக் கூடாது.